நாற்பது விநாடி மறுப்பு

கிளமெண்டி
14 ஜூலை 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இப்படிக் கடிதம் எழுதித் தொந்தரவு கொடுப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான்கு எம்ஆர்டி ரயில் நிறுத்தம் தள்ளி இருக்கும் அக்காவுக்கு யாராவது தபால்தலை ஒட்டுவார்களா? உறை வாங்கிய கடையில், "என்னம்மா, கல்யாணப் பத்திரிகைக்கா?" என்று கேட்டார்கள். பத்து நாளாக நீங்கள் என் அழைப்பை எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. வெள்ளிக்கிழமை உங்கள் அடுக்குமாடி புளோக் வரை வந்தேன். லிஃப்ட் இரண்டு முறை திறந்து மூடியது, நான் ஏறவில்லை. நேரில் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

இங்கே உம்மாவும் வாப்பாவும் சுகம். டன்லப் ஸ்திரீட் கடைக்குப் பயணப்பெட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், பேத்தி கதீஜா தமிழ்க் கட்டுரையில் வகுப்பில் முதல் என்று வாப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்கள் தலையாட்டிவிட்டுப் பெட்டியின் சக்கரத்தை உருட்டிப் பார்க்கிறார்கள்.

அந்தக் கட்டுரையால்தான் நீங்கள் பேசவில்லை என்று நினைக்கிறேன். கதீஜா எனக்கு அனுப்பிய செய்தி இன்னும் இருக்கிறது. "சாச்சி, எனக்குத்தான் ஹையஸ்ட். உங்க வீடியோல வந்த எக்ஸாம்பிளைத்தான் போட்டேன். மம்மிக்குப் படிச்சுக் காட்டினேன். முடிச்சதும் அயர்ன் பண்ணப் போயிட்டாங்க."

அதைப் படித்தபோது நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

என் வேலை என்னவென்று வீட்டில் யாரும் விவரமாகக் கேட்டதில்லை. "வீடியோ கம்பெனி" என்பார் வாப்பா. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாதக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் மூன்று நிமிட வீடியோக்களுக்கு நான் வசனம் எழுதுகிறேன். கேமரா முன் பேசுவது ரோஷினி. எங்கள் மேலாளர் வெங்கட் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார். நிலைப்பாடு, காரணம், எடுத்துக்காட்டு, எதிர்த்தரப்பு, மறுப்பு, முடிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எத்தனை விநாடி என்று பக்கத்தில் குறித்திருக்கும். அந்த வாரத் தலைப்பு, "கல்வியைவிடக் குடும்பக் கடமையே பெரிதா?" இல்லை என்ற பக்கம் நின்று நான் எழுத வேண்டியிருந்தது. எதிர்த்தரப்புக்கு உயிருள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார் வெங்கட். எனக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், லாத்தா? உங்களைத்தான் எழுதினேன்.

பேரைச் சொல்லவில்லை என்பது சமாதானம் ஆகாது. அதை நான் நம்பி எழுதினேனா, கட்டத்துக்காக எழுதினேனா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் படிப்பை விட்டதைப் பற்றி வாப்பா என்னிடம் மட்டும் சொல்வார். நீங்கள் இருக்கும்போது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் உங்களிடம் எதையும் கேட்டுப் பார்த்ததே இல்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் துஆவை நாடும்
ஹம்னா


ஜூரோங் வெஸ்ட்
23 ஜூலை 2025

ஹம்னாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை உன் மச்சான்தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். "யாருலா இந்தக் காலத்துல லெட்டர் போடுறது? எதுவும் ஃபைனா?" என்று பயந்துவிட்டார். ஐந்து நாள் என் கைப்பையிலேயே கிடந்தது. நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் கூட்டம் குறைகிற நேரத்தில் எடுத்துப் படிப்பேன், பிறகு மடித்து வைப்பேன். ஓ லெவல் பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு தமிழ் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் திருத்திக்கொள். அதுதானே உன் வேலை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். கதீஜா குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்துகொண்டு செய்தி வாசிப்பவள் மாதிரி படித்தாள். "எனக்குத் தெரிந்த ஒரு பெண் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். தாய்க்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது." ஊரில் எத்தனை பேருக்கு முதுகு அறுவை நடக்கிறது, யாரோ என்று நினைத்தேன். "ஒன்பது வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டேன்.

கதீஜாவுக்கு ஒன்றும் தெரியாது. நான் பாலிடெக்னிக் போனதையே அவளிடம் சொன்னதில்லை. அவள் பாட்டுக்குக் கையை ஆட்டி ஆட்டிப் படித்தாள். "அவரை யார் படிப்பை விடச் சொன்னது? ஓராண்டு விடுப்பு எடுத்திருக்கலாம். பகுதிநேரமாகப் படித்திருக்கலாம். கடமை என்ற சொல்லுக்குப் பின்னால் சில சமயம் பயம் ஒளிந்திருக்கிறது." படித்து முடித்துவிட்டு, "எப்படி மம்மி, பவர்ஃபுல்லா இருக்குல்ல?" என்று கேட்டாள்.

உன் வீடியோவைத் தேடிப் பார்த்தேன். பதினொரு தடவை பார்த்தேன். எனக்கு இருபத்தைந்து விநாடி. என்னை மறுக்க நாற்பது விநாடி. எட்டு மாதம் உம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டினேன். அது ஏன் உன் கட்டத்துக்குள் வரவில்லை?

கட்டுரையைப் பள்ளித் தமிழ் இதழில் போடுகிறார்களாம். பெற்றோர் கையெழுத்துக் கேட்டுத் தாள் வந்திருக்கிறது. இதழ் வந்தால் வாப்பா சும்மா இருப்பாரா? எதைப் படித்தாலும் உம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிற மனுஷன். உம்மாவுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஆகஸ்ட் எட்டாம் தேதிக்குள் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போடாதே என்றால் கதீஜா காரணம் கேட்பாள்.

யார் விடச் சொன்னது என்று கேட்டிருக்கிறாய். சரி, யாரும் சொல்லவில்லைதான். பயம் என்று எழுதினாயே, அதை உனக்கு யார் சொன்னது? அதற்குப் பதில் எழுது. கதீஜாவின் சனிக்கிழமைப் பாடத்துக்கு இந்த மாதம் நீயாகவே வரவில்லை; பதில் எழுதும்வரை இனியும் வர வேண்டாம். அவளிடம் உனக்கு வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்மா


கிளமெண்டி
27 ஜூலை 2025

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல முயல்கிறேன். யாரும் சொல்லவில்லை. மறுப்புக் கட்டத்தை எழுதி முடித்துச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். முப்பத்து மூன்று விநாடிதான் வந்தது. ஏழு விநாடி மீதமிருந்தது. ஏழு விநாடிக்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. எதிராளி வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னால்தான் மறுப்பு வலுப்பெறும் என்று அதற்கு முந்தைய வீடியோவில் நானே எழுதியிருந்தேன். அதன்படி பயம் என்று எழுதினேன். அது உங்களைப் பற்றித்தான் என்பது அந்த நேரத்தில் மறந்தே போயிற்று. இதைவிட மோசமான பதில் இருக்க முடியாது. ஆனால் இதுதான் பதில்.

எட்டு மாதம் கட்டத்துக்குள் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். வந்திருந்தால் மறுக்க முடியாது. அதனால்தான் விட்டேன். அது மட்டும் தெரிந்தே செய்தது.

வெள்ளிக்கிழமை வெங்கட்டிடம் வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். அவரிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் முறை.

"நல்லாப் போற வீடியோவை எதுக்கு ஹம்னா எடுக்கணும்?"

"அந்தப் பொண்ணு நிஜம்."

"நிஜமா இருந்தா இன்னும் நல்லதுதானே?"

"அவங்களுக்குப் பிடிக்கல."

"பேரே போடலையே. நாம என்ன வாழ்க்கையா கத்துத் தர்றோம்? கட்டுரைதானே."

ரோஷினி காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு, "எனக்குப் பேசுறப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு லா. பக்கத்து வீட்டு அக்காவைத் திட்டிட்டு ஓடுற மாதிரி" என்றாள். வெங்கட் அவளை முறைத்தார்.

அன்று மாலையே ஓர் ஆசிரியையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவருடைய வகுப்பில் ஒன்பது மாணவர்களுக்கு "எனக்குத் தெரிந்த ஒரு பெண்" இருக்கிறாராம். ஒன்பது பேரும் ஒரே பெண்ணை எழுதியிருக்கிறார்கள். ஒருவனுக்கு அவர் பெரியம்மா. ஒருத்திக்குப் பக்கத்து வீட்டுக்காரர். இன்னொருவன் அவரைக் கடைசிப் பத்தியில் சாகடித்துவிட்டான். வெங்கட் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், லாத்தா. பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பதிலுக்கு வேறொரு வீடியோ எழுதிக் கொடுத்தால் இதை எடுத்துவிடுவதாக வெங்கட் சொல்லியிருக்கிறார். அதே தலைப்பு. இந்த முறை உங்கள் பக்கம் நின்று எழுத உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் மூன்று காரணங்கள் வந்தன. படித்துப் பார்த்தேன், முழுமையாக நம்பினேன். பழையதை எடுத்துப் படித்தேன், அதையும் நம்பினேன். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதைத் திறமை என்பார்கள். எனக்குப் பயமாக இருந்தது. எந்தப் பக்கம் நிற்கச் சொன்னாலும் நிற்கத் தெரிந்த எனக்கு, சொந்தமாக நிற்க ஓர் இடம் இருக்கிறதா என்று தெரியவில்லை. வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நான். கற்றது இதுதானா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்று துணி மடிக்கும்போது திடீரென்று நினைவு வந்தது. நீங்கள் பாலிடெக்னிக்குக் கொண்டுபோகும் நீலப் பை அறைக் கதவுக் கொக்கியில் ஒரு வாரம் இறங்காமல் தொங்கியது. உம்மா அப்போது இன்னும் மருத்துவமனைக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். ஏற்கெனவே போய்விட்டார் என்றும் தோன்றுகிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒருவேளை அந்த ஏழு விநாடி அங்கிருந்து வந்ததோ என்னவோ. குழப்பமாக இருக்கிறது.

கதீஜாவிடம் நானே சொல்லிக் கட்டுரையைத் திரும்பப் பெறச் செய்யட்டுமா? என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

என்றும் உங்கள்
ஹம்னா


ஜூரோங் வெஸ்ட்
5 ஆகஸ்ட் 2025

ஹம்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நினைத்தது சரிதான். பை தொங்கியபோது உம்மா வீட்டில்தான் இருந்தார்.

உனக்குச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மச்சானிடம்கூட இந்த ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். இரண்டாம் ஆண்டில் மூன்று பாடத்தில் ஃபெயிலாகிவிட்டேன். கணக்கு சுத்தமாக வரவில்லை. வகுப்பில் எல்லாருக்கும் புரிவது எனக்கு மட்டும் புரியவில்லை என்றால் எப்படி இருக்கும் தெரியுமா? எழுந்து கேட்கவும் வெட்கம். நம் வீட்டில் யாரிடம் போய்க் கேட்பது? காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன், ஜூரோங் ஈஸ்ட் நூலகத்தில் மாலை வரை உட்கார்ந்துவிட்டு வருவேன். ஒரு நாள் அதுவும் முடியவில்லை. பையைக் கொக்கியில் மாட்டிவிட்டேன். வயிற்றுவலி என்று சொன்னேன். பாலிடெக்னிக்கிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. படித்துவிட்டு, மாடியிலிருந்து குப்பை தள்ளும் குழாயில் போட்டேன். மறுவாரம் உம்மா குளியலறையில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் வாப்பா, "இனி வீட்டை யாரு பார்க்கிறது?" என்றார். என்னைக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் கேட்டார். நான், "நான் நின்னுக்கிறேன் வாப்பா" என்றேன். அவர் என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் எப்படிச் சொல்வது? வந்த சொந்தக்காரர்களெல்லாம் மாஷா அல்லாஹ், என்ன பிள்ளை என்றார்கள். நான் மறுக்கவில்லை. பதினேழு வருஷமாக மறுக்கவில்லை. இப்போது உன்னைக் குறை சொல்கிறேனே.

உன் வீடியோவைப் பார்த்து எனக்கு வந்தது கோபமே இல்லை, ஹம்னா. யாருக்கோ தெரிந்துவிட்டது என்ற திடுக்கிடல். யார் சொன்னது என்று கேட்டது அதற்காகத்தான்.

நேற்று கதீஜாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்ப சாச்சி எழுதினது கரெக்ட்டா மம்மி?" என்று கேட்டாள். "பாதி" என்றேன். "பாதி கரெக்டுன்னா கன்க்ளூஷன் என்ன எழுதுறது?" என்றாள். அப்புறம் மெதுவாக, "எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுன்னு எழுதினேன். எனக்குத் தெரியவே இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். ராத்திரிச் சோற்றுக்கு எழுப்பியபோது என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மார்க் வாங்கியது அவள். அது அச்சில் வரட்டும். இதழ் இம்மாதக் கடைசியில் வருகிறது. வாப்பா படித்துக் காட்டி உம்மா தெரிந்துகொள்வதைவிட நானே முதலில் சொல்லிவிட வேண்டும். பதினேழாம் தேதி ஞாயிறு, மதியம் லுஹர் தொழுகை முடித்துவிட்டு வருகிறேன். மச்சானும் கதீஜாவும் வரவில்லை. நான் மட்டும்.

நீ அன்றைக்கு வீட்டில் இருக்காதே. கோபத்தில் சொல்லவில்லை. நீ ஒரு மூலையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அது என்றைக்கு எந்த வீடியோவில் வரும் என்று எனக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

உன் லாத்தா
ஆஸ்மா


கிளமெண்டி
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எழுதி முடித்தால் அது கட்டுரை மாதிரி இருந்தது.

செய்தியை முதலில் சொல்கிறேன். வீடியோவை நேற்று எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, எதிர்த்தரப்பில் உண்மை இருந்தால் அதை எப்படி ஒத்துக்கொள்வது என்று எழுதிக் கொடுத்தேன். ரோஷினி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மறுப்பு எங்க லா? ஷீட்டு விட்டுப்போச்சா?" என்றாள். இல்லை, அவ்வளவுதான் என்றேன். வெங்கட் பெருமூச்சு விட்டார், ஆனால் பதிவு செய்துவிட்டார். பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஒரு பிள்ளை மட்டும், "பரீட்சைக்கு இது வருமா?" என்று கேட்டிருக்கிறது. அதில் எடுத்துக்காட்டாக யாருமே இல்லை. பள்ளிச் சீருடையைப் பற்றி எழுதினேன்.

உம்மா உங்களுக்குப் பிடித்த வட்டலப்பம் செய்ய வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தனியாக வருவதைக் கேட்டதிலிருந்து, "மாப்பிள்ளை ரஃபீக்கோட சண்டையோ?" என்று என்னைத் துருவுகிறார். தெரியாது என்று சொன்னேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் நிம்மதி. பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பரீட்சை மண்டபத்திலும் நீங்கள் எனக்காக விட்ட நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்தேன். நான் சுமாராக எழுதிய நாள்களில் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசும். அது இல்லை என்றதும் தோள் லேசானது. அடுத்த நிமிடமே கோபம் வந்தது. அந்தச் சுமை இல்லாவிட்டால் நான் தமிழ் படித்திருக்க மாட்டேனோ, வேறு எங்கேயாவது போயிருப்பேனோ என்று தோன்றியது. அதற்கும் அடுத்து ஒரு சந்தேகம். என் குற்ற உணர்வைப் போக்க நீங்களே இதைச் சொல்கிறீர்களோ? நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர். இந்த மூன்றில் எது என் கருத்து என்று ஐந்து நாளாகத் தேடுகிறேன். மூன்றும் காலையில் என்னோடு எழுந்து, மூன்றும் என்னோடு ரயில் ஏறுகின்றன.

நீங்கள் நூலகத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாள்களை மட்டும் அடிக்கடி நினைக்கிறேன். பதினெட்டு வயதில், எழுந்து ஒரு கேள்வி கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண். எனக்கும் முதல் ஆண்டில் விரிவுரைகளில் ஒன்றும் புரியவில்லை, லாத்தா. பின்வரிசையில் உட்கார்ந்து புரிந்த மாதிரி தலையாட்டினேன். அப்போது உங்களை அழைத்துச் சொல்ல நினைத்தேன். இவ்வளவு விட்டுக்கொடுத்தவரிடம் போய் எனக்குப் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று சொல்லவில்லை. நாம் ஒரே வீட்டில் வளர்ந்தோம்.

மூலையில் உட்கார்ந்து பார்ப்பவள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மை. அதற்கு மறுப்பு இல்லை. பார்த்ததை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று நீங்கள் பயப்படுவதும் நியாயம். ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்விடுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வாப்பாவிடம்கூட நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏன் என்பதற்கு எனக்கு மூன்று காரணம் எழுதத் தெரியும். உங்களைச் சம்மதிக்கவைக்கவும் ஒருவேளை தெரிந்திருக்கும். ஒன்றையும் எழுதவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம், நான் போய்விடுகிறேன்.

உம்மாவிடம் நீங்கள் சொல்லும்போது நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டுமா?

ஹம்னா